பேய்க்கும் கூழ் உண்டு

கண்ணைச் சிமிட்டுங்கள். ஒருமுறை போதும். சிமிட்டியாயிற்றா? நல்லது. நீங்கள் உயிரோடு இருப்பதை இந்திய அரசு ஒப்புக்கொண்டுவிட்டது. இனி உங்கள் பிள்ளைக்குச் சத்துமாவு பாக்கெட் கிடைக்கும்.

வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. 2025 ஜூலை 1 முதல் அங்கன்வாடியில் வீட்டுக்கு எடுத்துப்போகும் சத்துணவை வாங்க இதுதான் விதி. கர்ப்பிணி, பாலூட்டும் தாய், ஆறு மாதத்திலிருந்து மூன்று வயது வரையுள்ள பிள்ளையின் அம்மா என யாராக இருந்தாலும் முதலில் ஆதார் எண்ணைத் தர வேண்டும். அந்த எண்ணோடு இணைந்த கைபேசிக்கு ஓடிபி வரும். பிறகு முகம் காட்ட வேண்டும். போஷன் டிராக்கர் என்ற செயலி அந்த முகத்தைப் பதிவிலிருக்கும் முகத்தோடு ஒப்பிடும். புகைப்படத்தைக் காட்டி ஏமாற்றாமல் இருக்கக் கண் சிமிட்டச் சொல்லும். முகம் பொருந்தினால் மாவு. பொருந்தாவிட்டால் நாளைக்கு வா.

"டீச்சர், பிள்ளை அழுவுது. பாக்கெட்டக் குடுங்க, நாளைக்கு வந்து மூஞ்சிய காட்டுறேன்."

"நான் குடுக்க மாட்டேன்னா சொல்றேன்? சுத்திக்கிட்டே இருக்கும்மா. கொஞ்சம் வெளிச்சத்துல வந்து நில்லு."

"நின்னாச்சு."

"சிமிட்டு. இவ்வளவு வேகமா இல்ல, மெதுவா."

ஓடிபி வர வேண்டிய கைபேசி புருஷனின் சட்டைப் பையில் இருக்கிறது. புருஷன் வேலை தேடிப் போன ஊரில் இருக்கிறான். ஆதாரில் இருப்பது கல்யாணத்துக்கு முன் எடுத்த படம். இந்த நாட்டில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை என்று சொன்னது அரசின் தேசிய குடும்ப நல ஆய்வுதான், 2019-21இல். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 35.5 விழுக்காடு வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் என்று சொன்னதும் அதே ஆய்வுதான். சோகை பிடித்து, இரண்டு பிள்ளை பெற்று, கன்னம் ஒட்டிப்போன பெண்ணுக்காகத்தான் இந்தத் திட்டமே இருக்கிறது. அவளிடம் போய், கன்னம் ஒட்டுவதற்கு முந்தைய முகத்தைக் கொண்டுவா என்கிறது செயலி. நோய் முற்றினால் மருந்து கிடையாது என்று எழுதிவைத்த மருத்துவமனையை இதற்குமுன் யாரும் கட்டியதில்லை.

1975 அக்டோபர் 2 அன்று ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் தொடங்கியது. ஏறக்குறைய அரை நூற்றாண்டுக்கு அங்கன்வாடிப் பணியாளரின் நோட்டுப் புத்தகம்தான் அதன் தரவுத்தளமாக இருந்தது. தெருவில் யாருக்கு நாள் தள்ளியிருக்கிறது என்பது மாமியாருக்கு முன்னால் டீச்சருக்குத் தெரியும். எந்தப் பிள்ளைக்குக் காய்ச்சல், எந்தப் பிள்ளை எடை குறைகிறது, எந்த வீட்டில் இன்று உலை வைக்கவில்லை என்பதும் தெரியும். அந்த அறிவுக்கு மாதம் 4,500 ரூபாய் என்று 2018இல் மத்திய அரசு விலை போட்டது. மாநிலங்கள் தம் பங்குக்கு மேலே ஏதோ போடுகின்றன. அந்தப் பெண்ணை நம்ப முடியாது. ஆனால் அவள் கையில் கொடுத்த கைபேசியை நம்பலாம். 2021இல் மகாராஷ்டிர அங்கன்வாடிப் பணியாளர்கள் அரசு கொடுத்த கைபேசிகளைத் திருப்பிக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார்கள். சூடேறி நிற்கும் கைபேசியும் ஆங்கிலத்தில் பேசும் செயலியும் எங்களுக்கு வேண்டாம் என்றார்கள். நவீனத்துக்கு எதிரானவர்கள், பாவம்.

இந்த நவீனத்தின் மூலக் கொள்கை ஒன்றே ஒன்று: திருடன் இருக்கிறான். ஒப்புக்கொள்வோம். ரேஷனில் திருட்டு உண்டு, நேற்று இன்று தொடங்கியதும் அல்ல. எங்கே திருடுகிறார்கள்? அரிசி இந்திய உணவுக் கழகத்தின் கிடங்கிலிருந்து புறப்படுகிறது. லாரியில் ஏறுகிறது. மாநிலக் கிடங்கில் இறங்குகிறது. மறுபடி லாரி. பிறகு கடை, தராசு, கடைசியாகக் கிழவியின் பை. மூட்டை காணாமல் போவது கிடங்கில். லாரி வழிமாறுவது நெடுஞ்சாலையில். முள் சாய்வது தராசில். இத்தனை இடமிருக்க, காவல்காரனை எங்கே நிறுத்தினார்கள்? பையின் வாயில். ரேஷன் கடையின் கைரேகை மெஷினில் அழுத்தும் கிழவியின் கட்டைவிரலில்.

கைரேகை என்ன சொல்லும்? வந்தவள் இவள்தான் என்று சொல்லும். இவளுக்கு எவ்வளவு போட்டார்கள் என்று சொல்லாது. 35 கிலோவுக்கு ரேகை வைத்து 30 கிலோ வாங்கிப்போகும் கிழவியின் பரிவர்த்தனை, கணினித் திரையில் நூற்றுக்கு நூறு வெற்றி. முன்பெல்லாம் கடைக்காரர் ஐந்து கிலோவைத் திருட நோட்டில் பொய் எழுத வேண்டியிருந்தது. இப்போது அந்தச் சிரமமும் இல்லை; கிழவியே சான்றளித்துவிடுகிறாள், அதுவும் உடம்பின் ஓர் உறுப்பால்.

அதுவும் ரேகை விழுந்தால். கல் உடைத்தவள், களை பறித்தவள், பாத்திரம் தேய்த்தவள் விரலில் ரேகை எப்படி இருக்கும்? வேலை செய்யாத விரல்தான் மெஷினுக்குப் பிடிக்கும். ஜார்க்கண்டில் சரிபார்ப்புத் தோல்வி 49 விழுக்காடு, ராஜஸ்தானில் 37 என்று எழுதியது எதிர்க்கட்சித் துண்டறிக்கை அல்ல, நிதி அமைச்சகத்தின் 2016-17 பொருளாதார ஆய்வறிக்கை. ராஜஸ்தானின் உதய்பூர் மாவட்டத்தில் சிக்னலுக்காக மெஷினைத் தூக்கிக்கொண்டு மரத்தில் ஏறினார்கள். பசித்தவன் மரமேறினால் பழம் பறிக்க என்று நினைப்பது பழங்காலத்துப் புத்தி.

இனிக் கேலியைக் கொஞ்சம் ஒதுக்கிவைக்கிறேன்.

2017 மார்ச்சில் ஜார்க்கண்ட் தலைமைச் செயலாளர், ஆதாரோடு இணைக்காத ரேஷன் அட்டைகள் ஏப்ரல் 5 முதல் செல்லாது என்று காணொலிக் கூட்டத்தில் உத்தரவிட்டார். அதே ஆண்டு செப்டம்பரில் மாநில அரசு தன் ஆயிரம் நாள் சாதனைகளை அச்சிட்டது; 11 லட்சத்துக்கும் மேற்பட்ட போலி அட்டைகளை ஒழித்தது அவற்றில் ஒன்று. அதே செப்டம்பர் 28 அன்று சிம்டேகா மாவட்டத்தில் 11 வயதுச் சிறுமி ஒருத்தி, சோறு சோறு என்று கேட்டபடியே செத்துப்போனாள். ஆதாரோடு இணைக்காததால் அந்த வீட்டின் அட்டை நீக்கப்பட்டிருந்தது. மாதக்கணக்கில் அரிசி வரவில்லை. பள்ளிக்கூடத்தில் ஒருவேளைச் சோறு கிடைத்துக்கொண்டிருந்தது. துர்கா பூஜை விடுமுறையில் அதுவும் நின்றது. அவள் மலேரியாவில் செத்தாள் என்றது அரசு. இருக்கலாம். அந்த வீட்டுக்குள் நுழையக் கொசுவுக்கு மட்டும் ஆதார் தேவைப்படவில்லை.

அவளும் அந்தச் சாதனைக் கணக்கின் ஓர் இலக்கம்.

பிறகு பொருளியல் ஆய்வாளர்கள் முரளிதரன், நீகாஸ், சுக்தங்கர் மூவரும் ஜார்க்கண்டின் 10 மாவட்டங்களில் நீக்கப்பட்ட அட்டைகளில் ஒரு மாதிரியை எடுத்துக்கொண்டு வீடு வீடாகத் தேடிப் போக ஆட்களை அனுப்பினார்கள். பத்தில் ஏறக்குறைய ஒன்பது அட்டைக்குப் பின்னால் நிஜமான குடும்பம், அடுப்போடும் பசியோடும் இருந்தது. கைரேகைச் சரிபார்ப்பால் மட்டும் திருட்டு குறைந்ததா என்றும் பார்த்தார்கள். குறைந்ததாகத் தெரியவில்லை, கடைக்கு நடக்கும் நடைதான் கூடியிருந்தது. 2018 செப்டம்பர் 26 அன்று ஆதார் வழக்கில் தீர்ப்பெழுதிய உச்ச நீதிமன்றமும், சரிபார்ப்பு தவறிய காரணத்துக்காக யாருக்கும் உரிமை மறுக்கப்படக் கூடாது என்றது. மெஷினுக்குத் தீர்ப்பு படிக்கத் தெரியாது. சிவப்பு விளக்கு போடத் தெரியும்.

2024 நவம்பரில் மத்திய அரசு நாடு முழுவதற்குமான கணக்கை வெளியிட்டது. கணினிமயத்தால் 5.8 கோடி போலி அட்டைகள் நீக்கம்! அதில் எத்தனை பேய், எத்தனை பெண் என்று பிரிக்கும் பத்தி அந்த அறிவிப்பில் இல்லை. வீடுவீடாகப் போய்ப் பார்த்த இடத்தில் வந்த விடை ஜார்க்கண்டின் விடை. பார்க்காத இடத்தில் எல்லாம் வெற்றி.

பேய்ப் பயனாளிகள் என்பது இந்தத் துறையில் புழங்கும் பேச்சு. சரி, பேயாகவே இருக்கட்டும். நம் ஊரில் பேய்க்குக்கூட ஒரு மரியாதை இருந்தது. கலிங்கத்துப்பரணியில் பசி தாங்காத பேய்கள் காளியிடம் போய் முறையிடுகின்றன. கலிங்கப் போர் முடிந்ததும் களத்திலேயே கூழ் காய்ச்சுகின்றன. குருட்டுப் பேய்க்கு உண்டு, ஊமைப் பேய்க்கு உண்டு, கருவுற்ற பேய்க்கு உண்டு, வெளியூரிலிருந்து வந்த விருந்துப் பேய்க்கும் உண்டு. எந்தப் பேயிடமும் போன மாதத்துக் கருவிழி இந்த மாதம் பொருந்துகிறதா என்று காளி கேட்கவில்லை. காளியின் ஆட்சி கொடூரமானது என்று பெயர்.

இவ்வளவு துல்லியத்தை நம்மிடம் கேட்கும் அரசு, தன் கணக்கை எப்படி வைத்திருக்கிறது? இங்கேதான் எனக்கு வயிறு எரிகிறது.

2013ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம், கிராமத்தில் 75 விழுக்காடு வரை, நகரத்தில் 50 விழுக்காடு வரை மக்களுக்கு மானிய உணவு என்கிறது. மொத்தத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு. எந்த மக்கள்தொகையில்? 2011 கணக்கெடுப்பின் 121 கோடியில். அதனால் உச்சவரம்பு சுமார் 81 கோடி. இன்று நாட்டில் 140 கோடிக்கு மேல் இருக்கிறோம். அதே விகிதத்தைப் போட்டால் 94 கோடி வரும். நடுவில் தொங்கும் 13 கோடிப் பேர் எங்கே? கோப்பில் இன்னும் பிறக்கவில்லை. 2021இல் எடுக்க வேண்டிய கணக்கெடுப்பை முதலில் கொரோனாவுக்காகத் தள்ளினார்கள். பிறகு கொரோனா போய்விட்டது, தள்ளுவது மட்டும் நிற்கவில்லை. இப்போது 2027 மார்ச் 1ஐ நாளாகக் குறித்திருக்கிறார்கள்.

ஆக, ஏழையின் விரல் மாதாமாதம் புதுப்பிக்கப்பட வேண்டும். அரசின் எண்ணிக்கை பதினைந்து ஆண்டு பழையதாக இருக்கலாம். கே.ஒய்.சி. என்ற ஆதார் சரிபார்ப்பைச் செய்யாவிட்டால் பெயர் போய்விடும் என்று தாத்தாவையும் பேரனையும் கடை வாசலில் வரிசையில் நிறுத்திய அரசு, நாட்டின் தலையை எண்ண மறந்துபோனது. கோட்டா நிறைந்த மாநிலங்களில் புதிதாக ஒரு குழந்தையின் பெயர் சேர வேண்டுமானால் பழைய பெயர் ஒன்று சாக வேண்டும். சாகாவிட்டால் நீக்கப்பட வேண்டும். அட்டை நீக்கத்தில் இத்தனை உற்சாகம் ஏன் என்று இப்போது புரிகிறதா?

கணினியே கூடாது என்று சொல்லும் ஆள் நான் இல்லை. சத்தீஸ்கரில் 2004க்குப் பிறகு ரேஷன் கடைகளைத் தனியாரிடமிருந்து பிடுங்கிப் பஞ்சாயத்துக்கும் கூட்டுறவுக்கும் மகளிர் குழுக்களுக்கும் கொடுத்தார்கள். கொள்முதல் முதல் கடை வரை கணக்கைக் கணினியில் ஏற்றினார்கள். தானியம் ஏற்றும் லாரிகளுக்கு மஞ்சள் வண்ணம் அடித்தார்கள், வழிமாறினால் ஊரே பார்க்கட்டும் என்று. கிடங்கிலிருந்து லாரி கிளம்பியதும் ஊராரில் பதிவு செய்தவர்களுக்குக் குறுஞ்செய்தி போனது. 2004-05இல் பாதிக்குப் பாதி கசிந்த தானியம், 2009-10இல் பத்தில் ஒரு பங்காகக் குறைந்தது என்று கணக்கிட்டவர்கள் ஜான் திரேசும் ரீத்திகா கேராவும். யாருடைய கட்டைவிரலையும் யாரும் கேட்கவில்லை. ஆதார் எண் என்ற ஒன்றே அன்று புழக்கத்தில் இல்லை. தமிழ்நாடும் ஏழை யார், ஏழையல்லாதவர் யார் என்று பிரித்துத் துரத்தாமல் அட்டை வைத்திருக்கும் எல்லோருக்கும் ரேஷன் கொடுத்து, பெரும்பாலும் கூட்டுறவுக் கடைகளை வைத்தே பல பத்தாண்டு ஓட்டியது. கைரேகை மெஷின் இங்கே வந்தது 2020 அக்டோபரில்தான்.

வேறுபாடு சின்னதுதான். அன்று சத்தீஸ்கரில் கணினி லாரியைப் பார்த்தது. இப்போது கணினி வயிற்றைப் பார்க்கிறது. லாரிக்குச் சொந்தக்காரன் இருக்கிறான், அவனுக்கு எம்.எல்.ஏ. இருக்கிறார். வயிற்றுக்கு யார் இருக்கிறார்கள்?

நம் ஊர் வியாதி மட்டுமல்ல இது. பசி தீர்க்கவென்றே இருக்கும் உலக நிறுவனங்களும் இதே வாத்தியாரிடம் படித்தவைதான். 2018 கடைசியில், ஏமனின் சனா நகரில் உணவு உதவி திருடப்படுகிறது என்று உலக உணவுத் திட்டம் குற்றஞ்சாட்டியது. திருடியவர்கள் என்று அது சுட்டியது நகரை ஆண்ட ஹூத்திகளோடு தொடர்புடையவர்களை. தீர்வு? பட்டினி கிடப்பவர்களின் ரேகையும் கருவிழியும் வேண்டும். அந்தத் தரவு யார் கையில் இருப்பது என்று இரண்டு தரப்பும் மல்லுக்கட்டின. 2019 ஜூனில் சனாவில் 8.5 லட்சம் பேருக்கான உணவை நிறுவனம் நிறுத்திவைத்தது. துப்பாக்கிக்காரன் திருடினான், பசித்தவனிடம் சான்று கேட்டார்கள், கொடுக்கவிடாமல் துப்பாக்கிக்காரன் தடுத்தான், சோற்றை இழந்தவன் பசித்தவன். இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணிகூடத் தளரவில்லை. அதே ஆண்டு பிப்ரவரியில்தான் அந்த நிறுவனம், அமெரிக்க உளவுத் துறைக்கு மென்பொருள் செய்து வளர்ந்த பாலன்டிர் கம்பெனியோடு 4.5 கோடி டாலர் பெறுமான ஐந்தாண்டு ஒப்பந்தம் போட்டிருந்தது. மறு ஆண்டு நோபல் அமைதிப் பரிசும் வந்து சேர்ந்தது.

2023இல் எத்தியோப்பியா. உதவித் தானியம் பெருமளவில் திருடப்பட்டதென்று அமெரிக்க உதவி முகமையும் உலக உணவுத் திட்டமும் நாடு முழுவதும் விநியோகத்தை மாதக்கணக்கில் நிறுத்தின. திரும்பத் தொடங்கியபோது பெருமையாகக் காட்டிய சீர்திருத்தங்களில் முதல் வரிசையில் இருந்தது, பசித்தவர்களை டிஜிட்டலில் பதிவது. வங்கதேசத்தில் ரோஹிங்கியாக்களிடம், உதவி வேண்டுமானால் பதிவு செய் என்று ஐ.நா. அகதிகள் முகமையும் வங்கதேசமும் சேர்ந்து விவரம் வாங்கின. அந்த விவரத்தை, எந்த நாட்டு ராணுவத்துக்குப் பயந்து அவர்கள் ஓடிவந்தார்களோ அந்த மியான்மருக்கே வங்கதேசம் கொடுத்தது என்று 2021இல் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அம்பலப்படுத்தியது. சோற்றுக்காகக் கொடுத்த ரேகை கொலைகாரன் மேசைக்குப் போய்ச் சேர்ந்தது. நவீனமயத்தில் இதற்குத் தரவுப் பகிர்வு என்று பெயர்.

வடலூரை நினைத்துக்கொள்கிறேன். 1867 மே 23 அன்று வள்ளலார் அங்கே தருமச்சாலையைத் தொடங்கினார். அன்று மூட்டிய அடுப்பை இன்றுவரை அணையவிடவில்லை. வருபவருக்குச் சோறு, சாதி இல்லை, சமயம் இல்லை, சான்றிதழ் இல்லை. நல்லவேளை, அந்தக் காலத்தில் ஆலோசனைக் கம்பெனிகள் கிடையாது. இருந்திருந்தால் ஒருவர் கழுத்துப்பட்டையோடு வந்து அறிக்கை எழுதியிருப்பார்:

"பயனாளிகள் பதிவேடு பராமரிக்கப்படவில்லை. காலையில் உண்டவரே மாலையிலும் உண்கிறார். இரட்டை உண்ணலைத் தடுக்கும் ஏற்பாடு அறவே இல்லை. பசிக்கிறது என்ற வாய்மொழியே போதிய சான்றாக ஏற்கப்படுகிறது. இது முறைகேட்டுக்கு வழிவகுக்கும். அடுப்பு இடைவிடாமல் எரிவது எரிபொருள் விரயம். நிறுவனருக்கு டேஷ்போர்டு வழங்கப்படாததால், எத்தனை பேர் உண்டார்கள் என்பதை அவர் உண்டவர்களைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டிய அவலம் நிலவுகிறது. மூன்று கட்டச் சீரமைப்பைப் பரிந்துரைக்கிறோம். முதல் கட்டம்: தரவு. இரண்டாம் கட்டம்: தரவைச் சுத்தம் செய்தல். மூன்றாம் கட்டம், நிதி மீதமிருப்பின்: சோறு."

வள்ளலார் அந்த ஆளையும் இலையில் உட்காரவைத்துத்தான் அனுப்பியிருப்பார். எனக்கு அவ்வளவு பொறுமை இல்லை.

எனவே நானும் ஒரு சீர்திருத்தம் முன்மொழிகிறேன். இதற்கு மெஷின் வேண்டாம், செயலி வேண்டாம், ஒப்பந்தப்புள்ளி வேண்டாம், ஓர் அரசாணை போதும். புதிய கணக்கெடுப்பு முடிந்து ரேஷன் உச்சவரம்பு திருத்தப்படும் நாள் வரைக்கும், உணவுத் துறை அமைச்சர், அவருக்குக் கீழே செயலாளர்கள், கூடுதல் செயலாளர்கள், இணைச் செயலாளர்கள், கூடவே கணக்கெடுப்பைத் தள்ளித் தள்ளி வைத்த உள்துறையில் இதே வரிசைக்காரர்கள், எல்லோருக்கும் 2011ஆம் ஆண்டுச் சம்பளம். அகவிலைப்படியும் 2011க்கானது. அதற்குப் பிறகு வந்த ஊதியக்குழு அவர்களைப் பொறுத்தவரை இன்னும் பிறக்கவில்லை. அதற்குப் பிறகு பெற்ற பிள்ளைகளுக்குக் கல்விப்படி கிடையாது. பட்டியலில் இடமில்லை, கோட்டா நிறைந்துவிட்டது, யாராவது ஓய்வு பெற்றால் பார்க்கலாம். மிஞ்சும் தொகையைச் சேமிப்பு என்று அச்சிட்டு, ஆயிரம் நாள் சாதனை மலரில் படத்தோடு போடலாம்.

2011க்குப் பின் பிறந்த குழந்தைக்குப் பொருந்தும் நியாயம் 2011க்குப் பின் ஏறிய சம்பளத்துக்கும் பொருந்தட்டும். பதினைந்து ஆண்டாக எண்ண முடியாத இந்த நாட்டின் தலைகளை ஒரே மாதத்தில் எண்ணி முடித்துவிடுவார்கள்.